இட்டேரி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நான் தாவரவியல் மாணவன் ஆகையால் ஏதேனும் ஒரு மூலிகையைப் பற்றி எழுதித் தருவேன் என்றே தமிழ்த்துறை விரிவுரையாளர் எதிர்பார்த்தார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற ஓராண்டாக என் நெஞ்சை அரித்துக்கொண்டிருப்பது ஒரு செடி அன்று, ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். அதை ஒளிக்காமல் எழுதிவிடுவதே முறை என்று தோன்றியதால் இக்கட்டுரை.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் நண்பர்களுக்கு இட்டேரி என்றால் விளக்கம் வேண்டாம். மற்ற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு அது ஏதோ ஒரு ஏரியின் பெயராகத் தோன்றும். முதலாண்டில் எனக்கு நேர்ந்ததும் அதுவே.

செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி ஹெர்பேரியம் தொகுப்புச் செய்யும்படி எங்கள் வகுப்புக்குச் சொல்லியிருந்தார்கள். நான் ஊரிலிருந்து முடக்கத்தான் கொடி கொண்டுவந்தேன். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் 'இட்டேரி' என்று எழுதினேன். பக்கத்து இருக்கையில் இருந்த நாகப்பட்டினத்து நண்பன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏரிக்குள்ள முடக்கத்தான் முளைக்குமாடா? முங்கிக்கிட்டே இருக்குமா?" என்று உரக்கக் கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் நல்லவன், இன்றும் என் நெருங்கிய தோழன். அன்று அவன் வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்தச் சொல்லை அழித்துவிட்டு 'வேலியோரம்' என்று எழுதினேன்.

அன்றோடு அது நிற்கவில்லை. ஒறம்பரையை உறவினர் ஆக்கினேன். நோம்பியைத் திருவிழா ஆக்கினேன். வேசகாலத்தைக் கோடைக்காலம் ஆக்கினேன். என் பேச்சின் கடைசியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் 'ங்' என்ற மரியாதையைக்கூட விழுங்கப் பழகினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் என்றால் படித்தவன் மாதிரிப் பேச வேண்டாமா? இதுதான் அப்போது என் எண்ணம்.

இட்டேரி என்பது என்ன? இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் உயிர்வேலி அமைந்து ஓடும் மண்தடம். அதில் ஆள் போவான். ஆடு மாடு போகும். பாரம் ஏற்றிய வண்டியும் போகும். கொங்கு நாட்டில் மழை குறைவு. மானாவாரிக் காடுகளே மிகுதி. சோளமும் கம்பும் நிலக்கடலையும் ஒரு பக்கம் விளைய, மறுபக்கம் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் வளர்ந்த கொறங்காட்டில் ஆடு மாடுகள் மேயும். பட்டியிலிருந்து மேய்ச்சலுக்குப் போகும் மாடு வழியில் இருக்கும் வெள்ளாமையில் வாய் வைத்தால் இரண்டு குடும்பங்களுக்குள் பகை மூளும். ஆகவே இருபக்கமும் வேலி வளர்த்து, நடுவில் தடம் விட்டார்கள். ஊரின் சண்டை சச்சரவைக் குறைப்பதற்காகப் பெரியவர்கள் கண்ட வழி அது.

அந்த வேலியோ வெறும் முள்வேலி அன்று. பெரும்பாலும் கிளுவை. தாவரவியலில் அதைக் கொம்மிபோரா பெர்ரியை என்கிறோம். கிளையை வெட்டி மழைக்கு முன் நட்டால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுக் காய்ந்த குச்சி போல நிற்கும். ஒரு மழை பெய்தால் பச்சை கட்டிவிடும். கிளுவையைப் பற்றிக்கொண்டு பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, முசுமுசுக்கை, தூதுவளை எல்லாம் படரும். அடியில் ஆவாரையும் கற்றாழையும் நிற்கும். கௌதாரியும் செம்போத்தும் ஓணானும் கீரியும் அதில் குடியிருக்கும். முதலாண்டுத் தொகுப்புக்காக நான் ஒட்டிய செடிகளில் பெரும்பாலானவை எங்கள் இட்டேரி ஒன்றிலேயே கிடைத்தவை. ஆயினும் அத்தாள்களில் ஒன்றில்கூட அதன் பெயர் இல்லை.

இனி நான் செய்த தீங்கைச் சொல்கிறேன்.

நொய்யலுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டுக்காடு உண்டு. அதற்குப் போக ஒரே வழி அந்த இட்டேரிதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் அதை மனைகளாகப் பிரிக்க எண்ணி, ஒருநாள் காலை இயந்திரத்தைக் கொண்டுவந்து தம் பக்கத்துக் கிளுவை வேலியைப் பிடுங்கிப் போட்டார். தடத்தின் பாதிக்கு மேல் கல் நட்டார். 'அளந்து காட்டுங்கள், பிறகு பேசலாம்' என்று சொல்லிவிட்டார்.

என் அப்பாரு, அதாவது என் தந்தையைப் பெற்றவர், எண்பதை நெருங்குகிறார். கைநாட்டுக்காரர். என் தந்தை ஐந்தாம் வகுப்போடு நின்று, பதினாறு வயதில் பஞ்சாலைக்குப் போனவர். ஆகவே மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்பாரு பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய பழைய பாகப் பத்திரத்தை எடுத்து என் மடியில் வைத்தார். அதில், பூர்வீக இட்டேறி வழியாக ஆளும் மாடும் வண்டியும் போகவர மாமூல் தடப் பாத்தியம் உண்டு என்று எழுதியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரியில் அந்தச் சொல் இருக்கிறது என்பதை விரல் வைத்துக் காட்டினார்.

"இட்டேரின்னே எழுது சாமி. வேற பேரு போட்டறாத" என்றார்.

நான் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து மனுவைத் தயார் செய்தேன். 'இட்டேரி' என்று எழுத வந்த விரல் நின்றது. படிக்கப் போகும் அதிகாரி எந்த ஊர்க்காரரோ? அவரும் சிரித்தால்? கல்லூரி மாணவன் எழுதிய மனு என்று தெரிய வேண்டாமா? யோசித்து, 'எங்கள் நிலத்திற்குச் செல்லும் நடைபாதை ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்திரத்தின் நகலையும் இணைக்கவில்லை. மனுவே போதும் என்ற கர்வம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாரு கேட்டார்: "இட்டேரின்னு போட்டயா கண்ணு?"

"போட்டுட்டனுங் அப்பாரு" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

சில வாரங்கள் கழித்து அளக்க வந்தார்கள். வந்த அதிகாரி பண்பானவர். ஆனால் தென் மாவட்டத்துக்காரர். மனுவைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். நடந்து போக நான்கடி போதும் என்று குறித்துக்கொண்டார். நான் பதறிப்போய், "வண்டி போற தடமுங்க சார்" என்றேன். அவர் மனுவை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நடைபாதைன்னு நீங்கதானே தம்பி எழுதியிருக்கீங்க?"

அப்பாருக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துக் கைகூப்பியபடி சொன்னார்: "ஏனுங் சார், நடக்கறதுக்கு எதுக்குங் இட்டேரி? அதுக்கு வரப்பு போதாதுங்களா?"

ஒரு நீண்ட விளக்கவுரை செய்ய வேண்டியதை ஒரே கேள்வியில் அவர் முடித்துவிட்டார். வரப்பு ஒற்றை ஆளுக்கு, தடம் வண்டிக்கு, இட்டேரி இருபக்கமும் வேலியோடு ஆளுக்கும் மாட்டுக்கும் வண்டிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அகலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்தியம். நான் எழுதிய அழகான சொல்லுக்கு அந்த அகலம் இல்லை. பதினாறு அடியை நான்கடியாகக் குறைத்தது பக்கத்து நிலத்தை வாங்கியவர் மட்டும் அல்ல, நானும்தான். நான்கடியில் உழவு இயந்திரம் நுழையாது. அறுத்த கடலைக்கொடியைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். யார் சுமப்பது? எண்பது வயதுக்காரரா?

அன்று பேருந்தில் கோவைக்குத் திரும்பும்போது அப்பாரு திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "போய்ப் படி சாமி" என்று மட்டும் சொல்லி, சில்லறை கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளில் நூலகத்தில் உட்கார்ந்தேன். பாடத்திற்காக அன்று, அந்த ஒரு சொல்லுக்காக. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைப் புரட்டினேன். தமிழ் விரிவுரையாளரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

'இட்டு' என்பது பழந்தமிழில் சிறுமையையும் குறுமையையும் குறிக்கும் சொல் என்று அவர் விளக்கினார். குறுந்தொகையில் குறுகிய வாயையுடைய சுனைக்கு அந்தச் சொல் அடையாக வருகிறதாம். திருக்குறளின் 478ஆம் குறளில் வள்ளுவர், வருவாய் வரும் வழி சிறிதாக இருந்தாலும் கேடில்லை, செலவு போகும் வழி அகலாமல் இருந்தால் போதும் என்கிறார். அந்த 'சிறிது' என்பதற்கு அவர் கையாளும் சொல் 'இட்டிது'. ஆக, இட்டேரியின் முன்பாதி வள்ளுவரும் எழுதிய சொல்லாக இருக்கலாம். அதைச் சொல்லத்தான் நான் வெட்கப்பட்டேன்!

பின்பாதியான 'ஏரி'? நமக்கு ஏரி என்றால் நீர்நிலை. கன்னடத்திலோ ஏரி என்றால் நீர்நிலையின் கரை, மேடான அணை. நம் கொங்கு நாடு கன்னட நாட்டை ஒட்டியது. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆளும் மாடும் சொல்லும் போய்வந்தவை. அப்படியானால் இட்டேரி என்பது குறுகிய கரைகளுக்கு நடுவே போகும் வழி என்று ஆகலாம். எங்கள் பத்திரத்தை எழுதியவரோ வல்லின 'றி' போட்டு 'இட்டேறி' என்று எழுதியிருக்கிறார். அவர் மனத்தில் ஏறுதல் என்ற பொருள் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாருவிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நடுவுல இருக்கற மண்ண வாரி ரெண்டு பக்கமும் இட்டு ஏத்தி, அதுமேல கிளுவைய நட்டாங்க. இட்டு ஏத்துனது இட்டேரி. இதக் கேக்கறதுக்கு காலேசுக்குப் போவோணுமா?" என்றார். மூன்று விளக்கங்களில் எது சரி என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மண்வெட்டி பிடித்தவரின் விளக்கத்தையும் அகராதியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

இது நமக்கு மட்டும் உள்ள செய்தி அன்று. ஆங்கில விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, இங்கிலாந்திலும் இப்படியே என்றார். இருபுறமும் சுவரோ வேலியோ உள்ள குறுகிய வழிக்கு யார்க்‌ஷயரில் ஜின்னல் என்றும் ஸ்னிக்கெட் என்றும் சொல்வார்களாம். சசெக்ஸில் ட்விட்டன், நார்ஃபோக்கில் லோக். நாம் பாடநூலில் படிக்கும் ஆங்கிலத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஜின்னல் என்பது கால்வாயைக் குறிக்கும் சானல் என்ற சொல்லின் திரிபாக இருக்கலாம் என்றும், ட்விட்டன் 'இரண்டுக்கு நடுவே' என்ற பொருளிலிருந்து வந்திருக்கலாம் என்றும் கருதுகிறார்கள். அங்கும் ஊருக்கு ஒரு சொல்; அங்கும் அதன் பிறப்பைப் பற்றி வழக்கு.

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. இத்தகைய வட்டாரச் சொற்களைத் திரட்டி ஆறு தொகுதிகளாக, 1898 முதல் 1905 வரை, ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டவர் ஜோசப் ரைட். 1855இல் யார்க்‌ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கல்லுடைக்கும் இடத்தில் கழுதை வண்டி ஓட்டினார். ஏழு வயதில் ஆலை வேலைக்குப் போனார். நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றிவிட்டு வெற்றுக் கட்டைகளை மாட்டும் டாஃபர் வேலை. பதினைந்து வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு தாமே முயன்று கற்று, ஜெர்மனிக்குப் போய் டாக்டர் பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அப்படி உயர்ந்தவர் தம் ஊர்ப் பேச்சை மறைக்கவில்லை. 1892இல் அவர் வெளியிட்ட இலக்கண நூல் தாம் வளர்ந்த விண்ட்ஹில் கிராமத்துப் பேச்சு வழக்கைப் பற்றியதே.

டாஃபர்! என் தந்தை செய்த வேலையும் அதுவே. 1888இல் கோவையில் முதல் பஞ்சாலை எழுந்த நாளிலிருந்து எத்தனையோ ஆயிரம் கிராமத்துக் கைகள் செய்த வேலை. ஆலைக்குப் போன என் தந்தைக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. 'கழற்றிவிடு' என்று பொருள்படும் இரண்டு சிறிய ஆங்கிலச் சொற்கள் ஒட்டிப் பிறந்த சொல் அது என்று நான் சொன்னபோது அவர் வியந்தார். "அட, நாங்க பண்ணறதத்தான் சொல்லீருக்கறான்" என்றார்.

நம் நாட்டிலும் இந்தப் பணி நடந்திருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதி வெளியிட்டார். நம் கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் 2000இல் ஓர் அகராதி தந்தார். அதற்கெல்லாம் வெகுமுன்பே, 1942இல், ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் கொங்கு மக்களைக் கொங்கு மொழியிலேயே பேசவைத்துவிட்டார். அந்த நாவலும் ஒரு நிலத்தின் பங்கைப் பற்றியதுதான் என்பது எனக்கு இப்போது வேறு விதமாகப் படுகிறது.

இரண்டாவது மனுவை நான் கையாலேயே எழுதினேன். 'இட்டேரி' என்று தலைப்பிலேயே எழுதினேன். இருபுறமும் உயிர்வேலியுடன் ஆளும் கால்நடையும் வண்டியும் சென்றுவரும் பொதுத்தடம் எங்கள் வட்டாரத்தில் இப்பெயரால் வழங்கும் என்று ஒரு வரி விளக்கமும் தந்தேன். பத்திர நகலை இணைத்து, அந்தச் சொல்லின் அடியில் கோடிட்டேன். முந்தைய மனுவில் பிழையாக எழுதியவன் நானே என்றும் ஒப்புக்கொண்டேன். அப்பாருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கைநாட்டு வைக்கும்போது மட்டும், மை காயும் வரை கட்டை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் அளந்தார்கள். வண்டித் தடம் என்று பதிவாயிற்று. நட்ட கற்களைப் பக்கத்து நிலத்தவர் பின்னுக்குத் தள்ளினார். பதினாறு அடி முழுவதும் வரவில்லை, பன்னிரண்டு வந்தது. உழவு இயந்திரம் போகிறது. இந்த ஆண்டு கடலை வண்டியிலேயே வீடு வந்து சேர்ந்தது. ஆனால் பிடுங்கிய வேலி திரும்ப வரவில்லை. அந்த எல்லையில் அவர் சிமெண்டுச் சுவர் எழுப்பிவிட்டார். எங்கள் பக்கத்துக் கிளுவை மட்டும் நிற்கிறது. எதிர் வேலியில் இருந்த கௌதாரிகளைக் காணோம். முதலாண்டில் நான் முடக்கத்தான் பறித்ததும் அந்தப் பக்கத்தில்தான்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நாளை மனுவும் பத்திரமும் தீர்ப்பும் நம் கையால் எழுதப்படும். நம் வீட்டுச் சொற்களில் சில வெறும் பேச்சு அல்ல, அளவுகள், உரிமைகள். அம்மா அரிசிப் பானைக்குள் சேர்த்துவைக்கும் சிறுவாட்டுக்கு இணையான சொல் வங்கியில் உண்டா? விடுமுறைக்குப் போகும்போது ஆளுக்குப் பத்துச் சொல் எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த மலரில் அவற்றுக்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கலாம் என்று தமிழ் விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். நாகப்பட்டினத்து நண்பன் தன் ஊர்ச் சொற்களை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டான். பழைய ஹெர்பேரியம் தாளில் நான் 'வேலியோரம்' என்பதை அடித்துவிட்டு 'இட்டேரி' என்று எழுதியபோது மை தொட்டுக் கொடுத்தவனும் அவனே.

பொங்கல் விடுமுறையில் அப்பாருவும் நானும் அந்தத் தடத்தில் நடந்தோம். ஒரு பக்கம் கிளுவை. ஒரு பக்கம் வெள்ளைச் சுவர். பாதி வழியில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் வேலி இருந்தா இட்டேரி. ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் செவுரு. இதுக்கு என்ன பேருன்னு உங்க பொஸ்தகத்துல இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங் அப்பாரு" என்றேன். இந்த முறை அவரிடம் உண்மையைத்தான் சொன்னேன்.